பச்சைக் கோசும் பச்சை மிளகாயும்



சத்தியமங்கலத்துல இருந்து திம்பம் மலைப்பாதையில 27 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தா எங்க தாளவாடிப் பக்கம். இங்க மேடு பள்ளம் எதுவானாலும் கொஞ்சம் தண்ணி வசதி இருந்தா கோஸ் நட்டிருப்பாங்க. ராத்திரி குளிரும் பகல்ல இளவெயிலும் கோசுக்கு நல்லா ஒத்துப்போகும். யானைக்கும் அது ரொம்பப் பிடிக்கும்ங்கறது வேற கதை, அதை இன்னொரு நாள் எழுதறேன்.

இத்தனை கோசு விளையுற ஊர்ல கோசு சாப்பிடற விதம் மட்டும் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு பொரியல், இன்னொண்ணு கூட்டு. பச்சையா சாப்பிடறதுன்னா எங்க அப்பா காலத்துல சிரிப்பாங்க. "பச்சைக் கோசை மாடு திங்கட்டும், நாம எதுக்கு?"ம்பார் அப்பா. விலை விழுந்த வருசமெல்லாம் மாடும் ஆடும்தான் தின்னுச்சு, அதுவும் உண்மை.

எங்க வீட்டுக்குள்ள பச்சைக் கோசு வந்தது சர்க்கரையால. வீட்டம்மாவுக்கு நாலு வருசத்துக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனையில சர்க்கரைன்னு சொன்னாங்க. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு, "தட்டுல பாதிக்குக் காய் இருக்கணும்மா, சோறோ களியோ கால் பங்கு போதும்"னு சொல்லி அனுப்பினார். இந்த அம்மா ஒரு வாரம் தட்டுல பாதிக்குக் கோஸ் பொரியல் வெச்சுச் சாப்பிட்டாங்க. எட்டாம் நாள் தட்டைத் தள்ளி வெச்சுட்டு, "ஏனுங்க, இந்தக் கொழகொழன்னு வெந்ததைப் பார்த்தாலே பசி போயிருதுங்க"ன்னாங்க. தேங்காயும் எண்ணெயும் தாராளமா போட்டாத்தான் பொரியல் இறங்கும். அதைக் குறைக்கச் சொல்லித்தானே டாக்டர் அனுப்பினார்?

அப்பத்தான் பக்கத்துக் காட்டு அஜ்ஜி வழி காட்டினாங்க. எங்க பக்கம் வீட்டுக்கு வீடு கன்னடமும் தமிழும் கலந்துதான் ஓடும். கன்னடக்காரங்க வீட்டுல ராமநவமி, கல்யாணம், விசேசம்னா கோசம்பரி இல்லாம இலை போட மாட்டாங்க. ஊறவெச்ச பாசிப்பருப்பு, வெள்ளரிக்காய், எலுமிச்சை, கடுகு தாளிப்பு, அவ்வளவுதான். "வெள்ளரிக்குப் பதிலா உங்க காட்டுக் கோசைப் போடுங்க, காரம் ஏத்துங்க"ன்னு அஜ்ஜி சொன்னாங்க. அதையே கொஞ்சம் கொஞ்சமா மாத்தி இப்ப எங்க வீட்டுக்குன்னு ஒரு பக்குவம் வந்துருச்சு. என் மருமக இதுக்கு சாலட்னு பேர் வெச்சிருக்கு. நாங்க பச்சைக் கோசும்போம்.

நாலு பேருக்குச் செய்யற அளவு சொல்றேன். கோசு 300 கிராம், அதாவது சின்னக் கோசுல பாதிக்கும் கொஞ்சம் குறைவு. கேரட் ஒண்ணு. பாசிப்பருப்பு ரெண்டு மேசைக்கரண்டி. பச்சை மிளகாய் மூணு, காரம் தாங்கறவங்களுக்கு நாலு. இஞ்சி கட்டைவிரல் நகத்தளவு. எலுமிச்சம்பழம் ஒண்ணு. வறுத்துத் தோல் நீக்கின நிலக்கடலை ஒரு கைப்பிடி. கொத்தமல்லித் தழை, உப்பு. தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம்.

முதல்ல கோசைத் தேர்ந்தெடுக்கணும். கையில எடுத்தா அளவுக்கு மீறிக் கனக்கணும். அமுக்கினா உள்ளே போகக் கூடாது, ரெண்டு கையிலயும் வெச்சு நெரிச்சா கிறீச்னு சத்தம் வரணும். பந்து மாதிரி லேசா இருக்கறது இன்னும் இறுகாதது, அதைப் பொரியலுக்கு வெச்சுக்கங்க. வெடிச்ச கோசும் வேண்டாம். ரொம்ப நாள் காய்ஞ்சு கிடந்து திடீர்னு மழை பெய்ஞ்சா, வேர் தண்ணியை இழுத்து உள் இலை வேகமா வளரும், வெளி இலை தாங்காம வெடிச்சிரும். அந்த வெடிப்புல அழுக்கும் பூச்சியும் உள்ள போயிரும்.

பருப்பை முன்னாடியே கழுவி ஒரு மணி நேரம் ஊறப் போடுங்க. நகத்துல கிள்ளினா உடையற பதம் போதும். கோசுல நடுத்தண்டை வெட்டி எடுத்துட்டு, அரிவாள்மணையில எவ்வளவு மெலிசா வருமோ அவ்வளவு மெலிசா அரியுங்க. பொரியலுக்கு நறுக்கற மாதிரி தடியா நறுக்கினா மெல்லறதுக்குள்ள தாடை வலிச்சிரும். அரிஞ்சதைச் சில்லுன்னு இருக்கற பானைத் தண்ணியில 10 நிமிசம் போட்டு வெச்சா இலை தண்ணியைக் குடிச்சு விறைச்சு நிக்கும். அப்புறம் வடிகட்டி, துணியில பரப்பி ஈரத்தை ஒத்தி எடுக்கணும். ஈரம் இருந்தா எலுமிச்சையும் காரமும் ஒட்டாம அடியில தேங்கிரும்.

காரம் எங்க வீட்டு ரகசியம். மிளகாயை நறுக்கிப் போட்டா ஒரு வாய் சப்புன்னு இருக்கும், அடுத்த வாய் கண்ணுல தண்ணி வரும். அதனால மிளகாய், இஞ்சி, கொஞ்சம் உப்பு மூணையும் சின்ன உரல்ல போட்டு நசுக்கிருவோம். அதுல எலுமிச்சைச் சாறைப் பிழிஞ்சு கலக்கினா காரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும். சாப்பிடற நேரத்துக்குத்தான் இதைக் கோசு மேல ஊத்திக் கலக்கணும். உப்பு பட்ட கால் மணி நேரத்துல கோசு தண்ணி விட்டுத் துவண்டுரும். ஏன்னா 100 கிராம் கோசுல 92 கிராமுக்கு மேல தண்ணிதான். தாளிப்பையும் ஆற வெச்சுப் போடுங்க, கொதிக்கக் கொதிக்க ஊத்தினா பட்ட இடமெல்லாம் வதங்கிரும். கடலையை ஒண்ணு ரெண்டா உடைச்சுக் கடைசியில தூவணும். முன்னாடியே போட்டா நமுத்துப் போகும்.

ராகிக் களிக்கும் தட்டைப்பயறுக் குழம்புக்கும் பக்கத்துல இதை வெச்சுப் பாருங்க. களி வழுக்கிட்டு உள்ள போகும், இது நறுக் நறுக்குனு பல்லுல பேசும். மென்னு சாப்பிட நேரம் ஆகறதால களி உருண்டை தானா சின்னதாயிருச்சுன்னு வீட்டம்மா சொல்றாங்க.

சத்து கணக்கும் சொல்லிடறேன். 100 கிராம் பச்சைக் கோசுல சுமார் 25 கலோரிதான். நார்ச்சத்து ரெண்டரை கிராம் பக்கம். வைட்டமின் சி 36 மில்லிகிராம் அளவுக்கு இருக்கு, வேகவெச்சுத் தண்ணியை வடிச்சா அதுல ஒரு பகுதி போயிரும். அதுக்காக, கோசு தின்னா சர்க்கரையே ஓடிப் போயிரும்னு வாட்ஸ்அப்ல வர்றதை நம்பாதீங்க. எங்க வீட்டம்மா மாத்திரையை ஒரு நாள் கூட விடல. தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை சாப்பிடறவங்க தினமும் பச்சைக் கோசு எடுக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. வாயுத் தொந்தரவு இருக்கறவங்க கொஞ்சமா ஆரம்பிங்க.

கழுவறதுல சோம்பல் கூடாது. கோசு மண்ணை ஒட்டி விளையறது. சாக்கடைத் தண்ணி பாயற இடத்துல விளைஞ்சிருந்தா புழு முட்டைகூட ஒட்டியிருக்கலாம். மேல் இலை மூணு நாலைக் கழட்டிப் போட்டுருங்க. மீதியை இலை இலையா பிரிச்சு, ஓடற தண்ணியில ரெண்டு பக்கமும் தேய்ச்சுக் கழுவுங்க. மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணியில ஊறவெச்சா பூச்சி வெளிய வரும், ஆனா அதுவே போதும்னு விட்டுறாதீங்க. கர்ப்பிணிங்க, சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க சாப்பிடறதா இருந்தா நல்லா வேகவெச்ச கோசே கொடுங்க. மொறுமொறுப்பை விட உடம்பு முக்கியம்.

தண்ணியில போகாத ஒண்ணு இருக்கு, அது மருந்து. கோசுக்கு முதல் எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. சின்னப் பச்சைப் புழு இலையைச் சுரண்டி ஜன்னல் மாதிரி ஆக்கிரும். 20 வரிசை கோசுக்கு ஒரு வரிசை கடுகு விதைச்சா அந்துப்பூச்சி கடுகுல போய் முட்டை வைக்கும். நான் செய்யறேன், நல்ல பலன் இருக்கு. 100 லிட்டர் தண்ணிக்கு 5 கிலோ வேப்பங்கொட்டை இடிச்சுக் கரைச்சும் அடிக்கறேன். அதையும் மீறிப் புழு ஏறற பருவம் வரும். அப்ப கடை மருந்து அடிச்சுத்தான் தீரணும், இல்லேன்னா காடே போயிரும்.

மருந்து டப்பாவுக்குள்ள ஒரு துண்டுச்சீட்டு மடிச்சு வெச்சிருப்பாங்க. அடிச்சு எத்தனை நாள் கழிச்சு அறுவடை பண்ணணும்னு அதுல இருக்கும். மருந்துக்கு மருந்து மாறும். அந்தக் காத்திருக்கற நாள்தான் பச்சையா சாப்பிடறவங்களுக்கு உயிர்நாடி.

போன வருசம் முக்கால் ஏக்கர்ல 12,000 நாத்து நட்டிருந்தேன். விலை கிலோ 4 ரூபாய்க்கு மேல ஏறவே இல்ல. வெட்டுக்கூலி, சாக்கு, ஏத்துக்கூலி போனா கையில ஒண்ணும் நிக்காத விலை. ஒரு ஞாயித்துக்கிழமை புழுவுக்கு மருந்து அடிச்சேன், அதுக்கு 7 நாள் காத்திருக்கணும். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வியாபாரி வந்து நின்னார். வெளியூர்ல மழையில காய் அழுகிருச்சாம், விலை 14 ரூபாய். "அண்ணா, நாளைக்குக் காலையில ஆள் விட்டு வெட்டிரலாம், பொழுது சாயறதுக்குள்ள லாரி திம்பம் இறங்கிரும்"னார். 2022-ல இருந்து மலைப்பாதையில ராத்திரி வண்டிக்குக் கட்டுப்பாடு இருக்கு, அதனால அவருக்கும் அவசரம்.

ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் மருந்து அடிச்சிருக்கேன்னு சொன்னேன். "சந்தைக்குப் போற காயை எவன்ணா பார்க்கறான்? கழுவித்தானே திம்பாங்க"ன்னார். பையன் என் முகத்தையே பார்த்துட்டு நின்னான். கிணத்து மோட்டாருக்கு வாங்கின கடன் அவன் பேர்ல இருக்கு. வீட்டம்மா உள்ள இருந்து வந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "அதுல ஒரு கோசை இன்னிக்கு நம்ம தட்டுக்கு அரியட்டுங்களா?"

நான் வியாபாரியை அடுத்த திங்கக்கிழமை வரச் சொன்னேன். வந்தார், அப்ப விலை 9 ரூபாய். காட்டுல இருந்து 12 டன் போச்சு. கிலோவுக்கு 5 ரூபாய்னா கணக்கு நீங்களே போட்டுக்கங்க, 60,000 ரூபாய். பையன் ரெண்டு நாள் என்கூடப் பேசல. "உங்க நியாயத்துக்கு வட்டி யாருப்பா கட்டறது?"ன்னு மூணாம் நாள் கேட்டான். அவன் கேட்டது தப்பில்ல. அந்தக் கடன்ல கொஞ்சம் இன்னும் பாக்கி நிக்குது. 7 நாள் காத்திருந்த காய்க்கும் ரெண்டாம் நாள் வெட்டின காய்க்கும் சந்தையில ஒரே விலைதான். காத்திருந்தவனுக்கு யாரும் ஒத்தை ரூபாய் சேர்த்துத் தர்றதில்ல.

அதனால வாங்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். இலையில ஓட்டை இருந்தா மருந்து அடிக்காத காய்னு நினைக்காதீங்க, புழு தின்ன பிறகு அடிச்சிருப்பாங்க. பளபளன்னு இருந்தா கெட்டதுன்னும் சொல்ல முடியாது. கண்ணால கண்டுபிடிக்க வழியே இல்ல. உங்க ஊர்ப் பக்கம் உழவர் சந்தை இருந்தா விவசாயிகிட்டயே நேரா கேளுங்க: "எப்ப மருந்து அடிச்சீங்க, எப்ப வெட்டினீங்க?" பத்துப் பேர் கேட்டா பதில் சொல்லணுமேன்னு எங்களுக்கும் ஒரு பயம் வரும். தட்டுல பச்சையா வைக்கறவங்க கேக்கற கேள்விக்குத்தான் காட்டுல மரியாதை.

இடம் இருந்தா வீட்டுக்கு 20 நாத்து நட்டுக்கங்க. குளிர் மாசத்துல சமவெளியிலயும் வரும். ஒண்ணரை அடி இடைவெளி, நல்ல தொழுவுரம், ஓரத்துல ஒரு வரிசை கடுகு. காலையில காபி குடிச்சிட்டு இலையைத் திருப்பிப் பார்த்துப் புழுவைக் கையாலயே பொறுக்கிரலாம். நட்டு ரெண்டரை மூணு மாசத்துல கோசு கையில இருக்கும்.

மறந்துட்டேன், நடுத்தண்டைத் தூக்கிப் போட்டுறாதீங்க. தோல் சீவி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடிச்சா மாங்காய் மாதிரி இருக்கும். எங்க வீட்டுல அது அரியறவங்களுக்குக் கூலி.