கணக்கில் வராத நீர்த்தெள்ளு

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வருபவர்கள் மலையைப் பார்ப்பார்கள், கோபுரத்தைப் பார்ப்பார்கள், அய்யங்குளத்தையும் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு குளத்துக்குள் கடுகளவு உயிர் துள்ளினால் யார் கவனிக்கப் போகிறார்கள்? வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு அதைத் தெரியும். டாப்னியா என்பார்கள், தமிழில் நீர்த்தெள்ளு. பாசியைத் தின்று வாழும். மீன்குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு.

இந்தக் குட்டி உயிருக்குச் செம்பு, காட்மியம், குரோமியம் எதுவும் ஆகாது. முதலில் நீந்துவது குறையும், பிறகு குட்டி போடுவது குறையும், அப்புறம் சாவுதான். அதனாலேயே உலகம் முழுக்க ஆய்வகங்களில் தண்ணீரின் நச்சைச் சோதிக்க டாப்னியாவை விடுகிறார்கள். பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குட்டிகளை விட்டு, 48 மணி நேரம் பார்ப்பார்கள். குட்டிகள் சரியானவைதானா என்று பார்க்க ஓர் அளவுகோல் உண்டு: பொட்டாசியம் டைகுரோமேட். லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள்ளேயே 24 மணி நேரத்தில் பாதிக் குட்டிகள் அசைவற்றுப் போக வேண்டும். ஆமாம், அளவுகோலே ஒரு குரோமிய உப்புதான்!

குரோமியம் என்றால் பாலாறு. 1989 வரை திருவண்ணாமலை, வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் ஒரே வடஆற்காடு மாவட்டம். பாலாற்றங்கரையில் தோல் பதனிடக் குரோமிய உப்பு பயன்படுகிறது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவோ ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். அதில் இருந்தது இன்னும் கொடிய வகைக் குரோமியம்.

தோல் ஆலைகள் மீது 1991-ல் வழக்கு. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு. 2025 ஜனவரியிலும் அதே பாலாறு, அதே இழப்பீடு பற்றி மீண்டும் ஒரு தீர்ப்பு.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புரியும். விலை உள்ளதுதான் பேரேட்டில் ஏறும். நிலத்துக்கு விலை உண்டு, கிணற்றுக்கு உண்டு, பயிருக்கு உண்டு. நீர்த்தெள்ளுக்கு இல்லை. ஆனால் அது போனால் பாசி மண்டும், மீன்குஞ்சு பட்டினி கிடக்கும், வலை போடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். ரூபாயில் தெரியும் நஷ்டம் கணக்கின் கடைசி வரி. முதல் வரி, தண்ணீரில் தெள்ளு துள்ளாமல் போன அன்றே விழுந்துவிட்டது.

48 மணி நேரத்தில் பதில் சொல்லும் சாட்சி தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கேட்காமல் 30 வருஷத்துக்கு மேல் நீதிமன்றப் படி ஏறுவதில் யாருக்கு லாபம்? யோசித்துப் பாருங்கள்.