அக்காவும் எஃப்-2 விசாவும்

ஆம்பூரில் ஷிஃப்ட் முடியும் நேரம் பாருங்க, ஷூ கம்பெனி பஸ் முழுக்க பெண்கள்தான். எங்க அக்காவும் அப்படி வேலைக்குப் போனவள்தான். குவாலிட்டி செக்கிங் வேலை, சொந்தச் சம்பளம். மாமா எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்ப, அக்காவும் எஃப்-2 விசாவில் கூடப் போனாள். அந்த விசாவில் ஒரு டாலர்கூட சம்பாதிக்கக் கூடாது! 2015-லிருந்து பகுதி நேரமாகப் படிக்கலாம், அவ்வளவுதான்.

"சோப்பு வாங்கக்கூட அவர்கிட்டதான்டா காசு கேக்கணும்" என்றாள் போனில்.

நாட்டுக்கு நாடு சட்டம் வேற. ஜெர்மனியில் துணையும் வேலைக்குப் போகலாம். கனடாவில் 2025 ஜனவரியிலிருந்து மாஸ்டர்ஸ் என்றால் 16 மாதமாவது இருக்கணும். அப்பதான் துணைக்கு வேலை அனுமதி. பிரிட்டனில் 2024-லிருந்து சாதாரண மாஸ்டர்ஸுக்குப் பெரும்பாலும் துணையையே அழைத்துப் போக முடியாது.

யுனிவர்சிட்டி ரேங்க் தேடும்போதே இதையும் தேடுங்க பாஸ். தோழிகளே, 'ஃபாரின் மாப்பிள்ளை'ன்னு சொன்னா, 'எனக்கு என்ன விசா?'ன்னு முதல்ல கேளுங்க!