பங்களா அலுமாரியும் லயத்து அடுப்பும்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டனை நோக்கிச் செல்லும் பெருவழியில், கரவனெல்லையைத் தாண்டியதும் களனி கங்கை நம்முடன் கூடவே வரத் தொடங்குகிறது. சரிவுகளில் இறப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு மேலே தேயிலை. 1903ஆம் ஆண்டில் எட்டியாந்தோட்டை வரை வந்து சேர்ந்த சிறிய ரயில் இன்று இல்லை. பஸ் வண்டிகள்தாம் ஓடுகின்றன. மழை மட்டும் அன்றுபோலவே இன்றும் பெய்கிறது.

இப்பகுதியில் உள்ள பழைய துரை பங்களா ஒன்றினை அண்மையிற் பார்க்க நேர்ந்தது. முன்றிலின் புல்வெளியையும் சாப்பாட்டறையின் நீண்ட மேசையையும் காட்டிய காவற்காரப் பெரியவர், கடைசியாகச் சமையற்கட்டுக்கு முன்னால் இருந்த ஒரு சிறு அறையைத் திறந்து விட்டார். சுவரின் மூன்று பக்கமும் தட்டுகள். நடுவே கம்பிவலை போட்ட ஓர் அலுமாரி. அதன் நான்கு கால்களும் நான்கு கிண்ணங்களில் நின்றன. எறும்பு ஏறாதிருக்க அக்கிண்ணங்களில் முன்னர் தண்ணீர் ஊற்றி வைப்பார்களாம்.

“இதன் சாவி துரைசாணி அம்மாவின் கையிலேதான் இருக்குமாம், ஐயா. என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். சமையற்கார அப்பு கேட்டால், ஒவ்வொன்றாக அளந்து கொடுப்பார்களாம்” என்றார் பெரியவர்.

அந்த வெறுந் தட்டுகள் என் சிந்தனையைத் தூண்டின.

மழைக்கு அஞ்சிய சேமிப்பு

சப்ரகமுவத் தோட்டங்களில் வாழ்ந்த ஆங்கிலேயர் தம் சாமான் அறையை நிரப்பி வைத்தமைக்கு நாவின் ருசி மட்டும் காரணமன்று. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. களு கங்கை பெருகினால் நகரம் நீரில் நிற்கும். மலைச்சரிவு இறங்கினால் பாதை அடைபடும். இத்தகைய இடத்தில் வாழ்பவர்கள், கொழும்புக் கோட்டையிலிருந்த கார்கில்ஸ் போன்ற கடைகளிலிருந்து மொத்தமாகச் சாமான் தருவித்து அடுக்கி வைத்தார்கள். தகரத்தில் அடைத்த மீன், கட்டிப்பால், பிஸ்கற், கடுகுத் தூள், பழப்பாகு, கஸ்ரட் மா ஆகியவற்றோடு வூஸ்டர் சோஸ் போத்தலும், கறுத்துக் குறுகிய மார்மைட் போத்தலும் தட்டிலே இடம் பெற்றன.

இவற்றுள் வூஸ்டர் சோஸின் கதை சுவையானது. 1837ஆம் ஆண்டிலிருந்து இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் விற்கப்பட்டு வரும் இந்தச் சோஸில் என்னென்ன சேர்கின்றன? புளி, நெத்தலியை ஒத்த ஒரு சிறு மீன், பூண்டு, வெங்காயம், சர்க்கரைப் பாகு, காடி. லயத்துக் காம்பராவில் தொழிலாளிப் பெண் அன்றாடம் அடுப்பில் ஏற்றிய புளியும் நெத்தலியும் பூண்டும், அதே தோட்டத்தின் உச்சியிலே கப்பலேறி வந்த சீமைச் சரக்காக வீற்றிருந்தன! பொருளில் இருந்த ஒற்றுமை வாழ்வில் இல்லை என்பதே வேற்றுமை.

மருந்தான போத்தல்

மார்மைட்டின் கதையோ வேறு. மது வடிக்கும் சாலைகளில் எஞ்சும் நொதியிலிருந்து இது செய்யப்படுகிறது. 1902ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரில் இதன் உற்பத்தி தொடங்கியது. ரொட்டியில் தடவித் தின்னும் பண்டமாக இருந்த இதற்கு மருத்துவ மதிப்பைத் தேடித் தந்தவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர். பம்பாயில் இரத்தச் சோகையால் வாடிய கர்ப்பிணிப் பெண்களை ஆராய்ந்த அவர், மார்மைட் கொடுத்தால் அவர்கள் தேறுகிறார்கள் என்பதை 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதில் அடங்கியிருந்த போலிக் அமிலமே அந்த நன்மையைச் செய்தது என்பது பின்னர்தான் தெரிய வந்தது.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1934ஆம் ஆண்டில் இலங்கையில் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளிலே மலேரியா நுளம்பு பெருகிற்று. வழக்கமாக நீரோட்டம் மிகுந்திருந்த கேகாலை, குருநாகல் பகுதிகளின் மக்களுக்கு அந்நோயை எதிர்க்கும் பழக்கம் உடலில் இல்லை. நோயின் வேகம் தணிவதற்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். வீட்டுக்கு வீடு எல்லோரும் காய்ச்சலில் விழுந்தமையால், உலை வைக்க எழுந்து நிற்க வல்லவர் எவரும் இல்லாத குடிசைகளும் இருந்தன. அரிசிப் பற்றாக்குறை அத்துன்பத்தை இரட்டிப்பாக்கிற்று.

அப்பொழுது களத்தில் இறங்கியவர்களுள் சூரியமல் இயக்கத்து இளைஞர்களும் இருந்தனர். சூரியமல் என்றால் நம் பூவரசம்பூ. வெள்ளையர் நவம்பர் 11ஆம் திகதி விற்ற பொப்பிப் பூவுக்கு மாற்றாக அந்தப் பூவை விற்ற தேசாபிமானிகள் அவர்கள். நோயுற்ற கிராமங்களிற் சென்று பார்த்தபோது, காய்ச்சலுக்கு முன்பே பசி அம்மக்களைத் தின்றிருந்ததை அவர்கள் கண்டனர். வெறும் வயிற்றில் மருந்து மட்டும் என்ன செய்யும்? மார்மைட்டை மாத்திரைகளாக உருட்டிக் கொடுத்தனர்; உலர் உணவு பங்கிட்டனர். அவர்களுள் ஒருவரான கலாநிதி என். எம். பெரேரா பருப்பு வழங்கியதால் ‘பருப்பு மாத்தையா’ என்றே பெயர் பெற்றார். 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ருவன்வெல்லைத் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பி வைத்தனர்.

பங்களா அலுமாரியிற் பூட்டப்பட்டிருந்தவரை மார்மைட் ஒரு ருசிப் பண்டம். பூட்டுக்கு வெளியே வந்தபோதே அது உயிர் காக்கும் பொருளாயிற்று.

கடைக்கொப்பியே அலுமாரி

பங்களாவிலிருந்து இறங்கி லயத்துக்கு வந்தேன். ஓர் இஸ்தோப்பில் அமர்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம், “அவசரத்துக்கென்று வீட்டில் ஏதேனும் சேர்த்து வைப்பதுண்டா, அம்மா?” என்று வினவினேன். அவர் சிரித்தார்.

“எங்க வீட்டுல அலுமாரி ஏதுங்க ஐயா? கடைக்காரரு கொப்பிதான் எங்க அலுமாரி. சம்பளம் வந்தா அதுல உள்ள கடன அடைப்போம். மறுநாளே திரும்பவும் எழுதுவோம்.”

இதற்கு மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. தோட்டத்து மக்களின் உணவுக் கதை முழுவதும் பிறர் கையை எதிர்பார்த்த கதையாகவே இருந்திருக்கிறது. முற்காலத்தில் தோட்டமே அரிசியை அளந்து கொடுத்துச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கோதுமை மா பரவியது. இன்று ரொட்டி இல்லாத லயம் இல்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில், அரிசியும் மாவும் சுருங்கியபோது, தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 2022ஆம் ஆண்டில் மாவின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியபோதும் முதலில் ஒடுங்கியது லயத்து வயிறுதான்.

மழையின் அச்சமும் தீரவில்லை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களைப் புதைத்தது. அதே நாளிற் புளத்கொஹுபிட்டியப் பகுதித் தோட்டமொன்றின் லயங்களின் மீதும் மண் விழுந்தது.

ஒரு தட்டு போதும்

ஆகவே, இல்லத்தரசியர்க்கு ஒரு சொல். சீமைப் போத்தல்கள் வேண்டியதில்லை. வீட்டில் ஒரு தட்டு இருந்தால் போதும். சம்பள நாளில் ஒரு சுண்டு மைசூர்ப் பருப்பை எடுத்து அதில் வைத்துவிடுங்கள். சிறிது விறகில் விரைவில் வேகும் உணவு அது. நன்றாக உலர்ந்த தகரத்தில், இரண்டு காய்ந்த மிளகாயுடன் இட்டு மூடி வைத்தால் வண்டு அணுகாது. குரக்கனை மாவாக்காமல் தானியமாகவே வையுங்கள். புளியைக் கொட்டை நீக்கி, உப்பிட்டு மண்சட்டியில் வைக்கவேண்டும். தகரத்தை அது அரித்துவிடும். நெத்தலிக் கருவாட்டை மழைக்கு முன்பு ஒருநாள் வெயிலிற் காயவிடுங்கள். தீப்பெட்டியை இறுக்கமான மூடியுள்ள போத்தலில் இடுங்கள். மார்மைட் வாங்க இயலுமாயின் ஒரு சிறு போத்தல் போதும்; உப்பு மிகுந்தது ஆதலால் கால் தேக்கரண்டியை வெந்நீரிற் கரைத்தாற் போதுமானது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதனைத் தவிர்ப்பது நன்று. பழையதை முதலில் எடுங்கள். எடுத்ததை மறு சம்பளத்தில் நிரப்புங்கள். மலை அசையும் என்ற எச்சரிக்கை வந்தாலோ, தட்டைத் திரும்பியும் பாராமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள்.

இவ்வளவும் சொல்லிய பின்னர் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. கடனை அடைத்ததும் கையில் ஒன்றும் மிஞ்சாத வீட்டில், ஒரு சுண்டு பருப்பை ஒதுக்கி வைப்பதுங்கூட எளிதன்று. சேமிப்பு என்பது இல்லத்தரசியின் சிக்கனத்தை மட்டும் பொறுத்ததன்று. அவள் கைக்கு வரும் கூலியையும் பொறுத்தது.

புறப்படும் வேளையில் மூதாட்டி, “மழ வருது ஐயா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றார். சீனிப் போத்தலின் அடியில் எஞ்சியிருந்ததைச் சுரண்டிப் போட்டு, அந்தத் தேநீரைத் தந்தார்.