எட்டுக்கு ஒன்று

2022 நவம்பர் மழையில் சீர்காழியில் எங்கள் வீட்டு வடக்குச் சுவரின் பூச்சு பொரிந்து விழுந்தது. மேஸ்திரி சிமென்டைத் தின்றுவிட்டான் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் சொன்னேன், மச்சினன் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். கணக்கு வாத்தியார் சொல்லும் விடையை யாரும் சரிபார்ப்பதில்லை. நான் சொன்னது பொய். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். என் அல்பத்தனம் எந்த இடத்தில் நுழைந்தது என்பது அதில்தான் தெரியும்.

வீடு 25 அடிக்கு 30 அடி, தரைத்தளமும் மாடியும். 1,500 சதுரடி வீடு என்பதால் வெளிப்பூச்சும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும் என்று மனசில் ஒரு எண்ணம் வைத்திருந்தேன். மேஸ்திரி டேப்பைக்கூட வெளியே எடுக்கவில்லை. "சுத்தளவு நூத்திப்பத்து அடி சார். பேஸ்மட்டம் ரெண்டு, தளத்துக்குப் பத்துப் பத்து, கைப்பிடிச் சுவர் மூணு. இருபத்தஞ்சு அடி ஒசரம். ரெண்டாயிரத்து எழுநூத்தம்பது வருது. ஜன்னலைக் கழிக்க மாட்டேன், ஜன்னல் ஓரமும் சன்ஷேடும் அதுல அடங்கிப்போயிடும்" என்றார். சுற்றளவை உயரத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிற கணக்கு. என் வீட்டுக்கு நான் போட்டுப் பார்க்கவில்லை.

கூலி சதுரடிக்கு முப்பத்திரண்டு ரூபாய் கேட்டார். பேசிப் பேசி இருபத்தெட்டுக்கு இறக்கினேன். சாரம் கட்டும் சவுக்குக் கம்பும் கயிறும் அவர் பொறுப்பு. சிமென்டும் மணலும் தண்ணீரும் என் பொறுப்பு. கூலி 77,000 ரூபாய். 15 மில்லிமீட்டர் கனத்தில் ஐந்துக்கு ஒன்று கலவை, அதாவது ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு சிமென்ட், போட்டால் நூறு சதுரடிக்கு ஒரு மூட்டை சிமென்டும் ஆறேகால் கனஅடி மணலும் பிடிக்கும். மொத்தம் இருபத்தெட்டு மூட்டை, 11,000 ரூபாய்ச் சொச்சம். பூச்சுக்கென்று வரும் பி-சாண்ட் ஒன்றே முக்கால் யூனிட், அதுவும் கிட்டத்தட்ட அதே தொகை. ஆக ஒரு லட்சம் ரூபாய். அதில் முக்கால் பங்குக்கு மேல் கூலி. சிமென்டின் பங்கு ஒன்பதில் ஒன்று.

அந்த ஒரு லட்சம் என்னிடம் இல்லை. வங்கிக் கடனின் கடைசித் தவணை அதற்குள் தரை டைல்ஸாகவும் சமையல் மேடைக் கிரானைட்டாகவும் தேக்கு வாசல்கதவாகவும் மாறியிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டிப் பார்த்து "தேக்கா?" என்று கேட்பார்கள். வடக்குச் சுவர் என்ன கலவை என்று யாரும் கேட்கப் போவதில்லை. மனைவியின் நகையில் கொஞ்சத்தை அடகு வைத்துக் கூலியைப் புரட்டினேன். மிச்சத்தைச் சிமென்டில் பிடிக்கலாம் என்று தோன்றியது.

நம் ஊர்களில் முகப்பு மட்டும் வர்ணத்தில் பளபளக்க, பக்கச் சுவர்கள் செங்கல் தெரிய நிற்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் போகும்போது அவற்றைக் காட்டி நான் கேலி பேசியிருக்கிறேன். பணம் இல்லை, அதனால் பூசவில்லை என்று அந்தச் சுவர்கள் பட்டவர்த்தனமாகச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. நான் அதைக்கூடச் செய்யவில்லை. பூசியது போல் காட்டினேன்.

எங்கள் வீடு கிழக்குப் பார்த்த வாசல். தெருவைப் பார்க்கும் கிழக்குச் சுவருக்கு ஐந்துக்கு ஒன்று. மற்ற மூன்று சுவருக்கும் எட்டுக்கு ஒன்று. மேஸ்திரி ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். வெளிச்சுவருக்கு நாலுக்கு ஒன்றிலிருந்து ஆறுக்கு ஒன்று வரை போடுவதுதான் வழக்கம்; அதைத் தாண்டி யாரும் போவதில்லை. "ஆறு வரைக்கும்னா ஒப்பேத்திடலாம் சார். எட்டுன்னா நிக்காது" என்றார். "பக்கத்துச் சுவரை யார் மேஸ்திரி பார்க்கப் போறாங்க?" என்றேன். "மழை பாக்கும் சார்" என்றார். சிரித்துவிட்டு, சிமென்ட் அறையின் சாவியை நானே வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் எண்ணி எடுத்துக் கொடுத்த பிறகுதான் பள்ளிக்கூடம் போவேன்.

இதில் நான் மிச்சம் பிடித்தது எவ்வளவு தெரியுமா? மூன்று சுவரும் சேர்ந்து 2,125 சதுரடி. ஐந்துக்கு ஒன்றில் இருபத்தொரு மூட்டை ஆகியிருக்கும். எட்டுக்கு ஒன்றில் பதினைந்துக்குள் முடிந்தது. ஆறரை மூட்டை. மூட்டை நானூறு என்று வைத்தாலும் 2,600 ரூபாய். சிமென்ட் குறைந்த இடத்தை மணல்தான் நிரப்ப வேண்டும் என்பதால் மணல் கொஞ்சம் கூடுதலாகவே செலவானது. அதையும் கழித்தால் இன்னும் குறையும். 77,000 கூலி கொடுத்துச் செய்யும் வேலையின் உயிரை நான் இரண்டாயிரத்துச் சில்லறைக்கு எடுத்தேன்.

அந்தக் கலவையோடு அவர் பட்ட பாட்டை ஒரு சனிக்கிழமை கிட்டத்தில் நின்று பார்த்தேன். அக்னி நட்சத்திர வெயில். காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்கு என்று நிழலைத் துரத்திக்கொண்டே பூசுகிற ஆள் அவர். பச்சைப் பூச்சில் வெயில் படக் கூடாது என்பார். தூக்குக் குண்டு விட்டுப் புள்ளி வைத்து, சுவரை நனைத்து, கரண்டியில் கலவையை அள்ளி அடித்தார். நல்ல கலவை சப்பென்று சுவரைப் பிடித்துக்கொள்ளும். இது பாதி ஒட்டியது, பாதி சரிந்து சாரத்துப் பலகையில் விழுந்தது. கீழே சித்தாள் அம்மா விழுந்ததைக் கூட்டிக் கூட்டிச் சட்டியில் அள்ளிக்கொண்டே இருந்தார். மட்டப்பலகையை இழுத்தால் கலவை பிசுபிசுப்பில்லாமல் உதிர்ந்தது. மணியாஸ் கட்டையால் தேய்த்துத் தேய்த்து அவர் அதை ஒரு சுவர்போல் ஆக்கினார். தோள்பட்டை இறங்கிவிட்டது. அன்றைக்குச் சதுரடிக் கணக்கும் குறைந்தது, அதாவது அவருடைய வரும்படி குறைந்தது. கூடுதலாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாவது களவு தண்ணீரில். சிமென்ட் பூச்சு காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. குறைந்தது ஏழு நாள் ஈரம் போகாமல் வைத்திருக்க வேண்டும் என்று பூச்சு வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1661, 1972-லிருந்தே சொல்கிறது. மேஸ்திரி சொன்னதும் அதுதான்: "காலைல, மத்தியானம், சாயங்காலம், மூணு வேளை ஒரு வாரம் அடிங்க சார்." கட்டுமானத்துக்கு வாங்கும் தற்காலிக மின் இணைப்பில் யூனிட் விலை வீட்டு இணைப்பைவிட வெகு அதிகம். மோட்டார் போட்டால் மீட்டர்தான் என் கண்ணில் ஓடியது. கிழக்குச் சுவருக்கு மூன்று வேளையும் நானே குழாய் பிடித்தேன்; தெருவில் போகிறவர்கள் "என்ன சார், நீங்களே தண்ணி அடிக்கிறீங்களா?" என்று விசாரிப்பார்கள், அதுவும் பிடித்திருந்தது. மற்ற சுவர்களுக்குப் பொழுது சாயும்போது ஒரு தடவை. பிறகு அதுவும் இல்லை.

கான்கிரீட் பீமும் செங்கலும் சேரும் இடத்தில் கோழி வலை அடித்துப் பூசினால் வெடிப்பு விடாது. முகப்புக்கு மட்டும் வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் முடிந்ததும் கடைசித் தவணைக் கூலியில் எட்டாயிரம் ரூபாயை நிறுத்தி வைத்தேன். "ஒரு மழை போகட்டும் மேஸ்திரி, பார்த்துட்டுத் தர்றேன்" என்றேன். என் கலவைக்கு அவரிடம் ஜாமீன் வாங்கினேன்.

மழை வந்தது. நவம்பர் 12ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர். நூற்றாண்டு காணாத மழை என்று செய்தி வந்தது. ஊரே தண்ணீரில் மிதந்தபோது என் சுவரைப் பற்றிக் கவலைப்பட எனக்கே வெட்கமாக இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் வடக்குச் சுவரில் வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. பீமுக்குக் கீழே நீளமாக ஒரு வெடிப்பு. அப்புறம் ஒரு ராத்திரி, ஒரு கட்டில் அகலத்துக்குப் பூச்சு அப்படியே கழன்று சந்தில் விழுந்தது. உள்ளே இரண்டு அறைகளிலும் ஓதம் ஏறி, சுவர் உப்புப் பூத்தது.

மழைமேல் பழி போட்டிருக்கலாம், யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அதே மழை அடித்த கிழக்குச் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. "அது மட்டும் எப்படிங்க நல்லா இருக்கு?" என்று மனைவி கேட்டாள். அடகு வைக்க நகையைக் கொடுத்தவள் அவள். எட்டுக்கு ஒன்று என்ற கதையை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "பின்பக்கம் நான் பார்க்காத நேரத்தில் சிமென்டைக் குறைச்சிட்டான்" என்றேன். நேரில் "வாங்க மேஸ்திரி" என்று கூப்பிட்டவரை, அந்த நிமிஷத்திலிருந்து "அவன்" ஆக்கினேன்.

இந்தப் பொய்க்கு நான் மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை. வீடு கட்டிய எவரிடமும் ஒரு மேஸ்திரி கதை இருக்கிறது. நான் ஒன்று சொன்னால் எதிரே இருப்பவர் ஒன்றரை சொன்னார். நான்கு பேர் கூடிய இடத்தில் நான்கு கதை. அந்தக் கதை எதிலும் மேஸ்திரியின் தரப்பு கிடையாது. அதைச் சொல்ல அவர்களை யாரும் பந்தியில் உட்காரவைப்பதில்லை.

காதில் விழுந்து அவரே வந்தார். மச்சினன் திண்ணையில் இருந்தான். மேஸ்திரி சந்துக்குள் போய், கரண்டிக் காம்பால் வடக்குச் சுவரை மூன்று நான்கு இடத்தில் தட்டினார். உள்ளே பிடிப்பில்லாமல் பொத் பொத்தென்றது. திரும்பி வந்து முகப்பைத் தட்டினார். கணீரென்றது. "இதுவும் நாந்தான் சார் பூசினேன்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நான் மச்சினனைப் பார்த்தேன். பிறகு, "அந்த எட்டாயிரத்தைச் சரிக்குச் சரியாக் கழிச்சுக்கலாம் மேஸ்திரி" என்றேன். அவர் கரண்டியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். இத்தனை வருஷத்தில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் எது என்று கேட்டால் அந்த வாக்கியம்தான்.

பள்ளியில் உடன் வேலை பார்க்கும் ஒருவர் தன் வீட்டு வேலையை அவரிடம் பேசி வைத்திருந்தார். என் பேச்சைக் கேட்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு முழு வீட்டின் கூலி. "நல்லவேளை சார், நீங்க சொன்னீங்க" என்று எனக்கு நன்றி வேறு. நான் தலையாட்டினேன்.

வடக்குச் சுவர் ஒன்றை மட்டும் திரும்பப் பூசினேன். 750 சதுரடி. பழைய பூச்சைக் கொத்தி எடுக்க 9,000, இடிசல் வாரிப் போக 3,000, மறுபடி சாரம் கட்டிப் பூசக் கூலி 30,000, சிமென்ட், மணல், வலை 8,000, பிரைமரும் வர்ணமும் 13,500. மொத்தம் 63,500 ரூபாய். அறைகளுக்குள் ஆன செலவு தனி. தெற்கும் மேற்கும் இன்னும் எட்டுக்கு ஒன்றில்தான் நிற்கின்றன. தட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பூசியவர்கள் வெளியூர் ஆட்கள். எங்கள் மேஸ்திரியைத்தான் முதலில் கூப்பிட்டேன். "வேற வேலை இருக்குங்க" என்றார். அதுவரை நான் அவருக்கு 'சார்'.

பணம் போனதால் வந்த ஞானம் இல்லை இது. அந்தப் பணம் போன பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் நான் பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி பழைய பில்களை அடுக்கும்போது சிமென்ட் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். "மொத்தமே இவ்வளவு மூட்டைதானே வாங்கியிருக்கீங்க, அதுல அவர் எதைத் திருடியிருப்பார்?" என்றாள். நான் போட வேண்டிய கூட்டல். அவள் போட்டுவிட்டாள்.

எட்டாயிரத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எண்ணி வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. உடன் வேலை பார்ப்பவரிடமும் மச்சினனிடமும் நடந்ததைச் சொன்னேன். மச்சினன் சிரித்தான், மற்றவர் சிரிக்கவில்லை. என் வாயால் கேட்ட மற்ற எல்லாரையும் தேடிப் போக முடியாது. அதனால் இதை எழுதுகிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லி, பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"எம்பேர் வேணாங்க. கலவைக் கணக்கைச் சரியா எழுதுங்க" என்றார்.