பத்தாவது பெயர்

"ஆளே கிடைக்கறதில்லீங்க" என்று வருடக்கணக்காகப் புலம்பியவன் நான். கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை. பம்ப்செட் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஆர்டர். டீக்கடையில் நாலு பட்டறைக்காரர்கள் கூடினால் இதுதான் பேச்சு: இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடம்பு வளையாது, எல்லாருக்கும் கவர்மென்ட் உத்தியோகம்தான் வேண்டும். நானும் பலமாகத் தலையாட்டுவேன். ஒரு காலத்தில் நானே அப்படிப்பட்ட பையன்தான் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

2001இல் பி.எஸ்சி. முடித்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். அந்த ஆண்டுக் கடைசியில் பெரும்பாலான அரசுப் பணிகளுக்குப் புதிதாக ஆளெடுக்கத் தமிழக அரசு தடை போட்டது. 2006இல்தான் அது நீங்கியது. தெரிந்தும் காத்திருந்தேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தேன், சீனியாரிட்டி போய்விடக் கூடாதே என்று. லேத்துக்கு வா என்று மாமா கூப்பிட்டபோது, கிரீஸ் கறையோடு போய்ப் பெண் கேட்க முடியுமா என்று அம்மாவிடம் சொல்லியனுப்பினேன். 27 வயதில், வேறு வழியில்லாமல் அதே மாமாவிடம் போய் நின்றேன். அத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் சும்மா இருந்ததில்லை. விடிய விடியப் படித்தேன். ஊர்தான் என்னைச் சோம்பேறி என்றது.

அதே சொல்லை 2022இல் நான் இன்னொருவனுக்குச் சூட்டினேன்.

ஐ.டி.ஐ. படித்த பையன். கை சுத்தம், வேலையும் சுத்தம். திடீரென்று, வேலையை விட்டுவிட்டு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கப் போவதாகச் சொன்னான். அந்த வருடம் 7,301 இடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஓர் இடத்துக்கு முந்நூறு பேர். "கணக்குப் பாத்தியாடா தம்பி?" என்றேன்.

"பாத்தேனுங்கண்ணா. அந்த வேலைன்னா கண்ணுல இரும்பு தெறிச்சாலும் சம்பளம் வருமுங்க."

அதற்கு ஆறு மாதம் முன்னால் கிரைண்டிங் செய்யும்போது அவன் கண்ணில் துகள் தெறித்தது. தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினான். நான் 5,000 ரூபாய் கொடுத்தேன். வேலைக்கு வராத இரண்டு வாரச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டேன். பெரிய மனசு எனக்கு என்றுதான் அன்று நினைத்தேன்.

பத்துப் பேர் வேலை செய்தால், தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. கட்டாயம். என் பட்டறையில் பதினொரு பேர். பதிவேட்டில் ஒன்பது பேர். முதலாளியின் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம். 14,000 ரூபாய் சம்பளக்காரனுக்கு மாதம் 455 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கத்தான் பத்தாவது பெயரை நான் எழுதவேயில்லை. அவன் தேர்வுக்குப் போவதாகச் சொன்ன அன்றிரவு கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்த 22 லட்சம் பேரில் எத்தனை பேர் அரசு வேலை மேல் ஆசைப்பட்டு வந்தவர்கள், எத்தனை பேர் என்னைப் போன்றவர்கள் கொடுக்கும் வேலைக்குப் பயந்து வந்தவர்கள்?

வேலையின்மைக்குக் காரணம் இதுவொன்றே என்று சொல்ல மாட்டேன். மின்வெட்டிலும் 2020 ஊரடங்கிலும் ஆர்டரே இல்லாமல் நானே ஆளைக் குறைத்திருக்கிறேன். ஆர்டர் இல்லாத இடத்தில் எந்தப் பயிற்சியும் வேலையாக மாறாது. ஆனால் வேலை இருந்தும் ஆள் நிற்காததற்கு மருந்து வேறு. வேலையற்ற பட்டதாரிக்கு அரசு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை தருகிறது, அதுவும் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்த பிறகு. அந்தக் காசில் ஒரு பங்கை, சின்னப் பட்டறை கட்டவேண்டிய இ.எஸ்.ஐ.க்கு முதல் சில வருடம் கொடுத்தால், பத்தாவது ஆளை ஒளித்துவைக்க எங்களுக்குச் சாக்கு இருக்காது. சாக்கில்லாமலும் ஒளிப்பவனை அதிகாரி வந்து பிடிக்கட்டும். தேர்வையும் சொன்ன தேதியில் நடத்தி, சீக்கிரம் முடிவைச் சொல்லிவிட வேண்டும். 2022 ஜூலையில் எழுதிய குரூப் 4 தேர்வுக்கு 2023 மார்ச்சில்தான் முடிவு வந்தது. எட்டு மாதம் ஒரு பையன் எந்த வேலையிலும் ஒட்டாமல் திரிவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஐ.டி.ஐ. பையன் போன மறுமாதம் பதிவேட்டில் பத்தாவது பெயரை எழுதினேன். அது அவன் பெயர் இல்லை. இப்போதும் படித்துக்கொண்டிருக்கிறான். வழியில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களாண்ணா" என்று கேட்பான். திரும்ப வாடா என்று கூப்பிட இன்னும் எனக்கு வாய் வரவில்லை.