பத்து மகரந்தப் பை

தை பிறந்தால் திருப்பனந்தாள் பக்கம் ஒரே வயலில் இரண்டு பயிர் நிற்கும். மேலே அறுப்புக்குக் காத்திருக்கும் சம்பா. அதன் காலடியில், ஈரச் சேற்றில், இரண்டு இலை விட்ட உளுந்து. அறுவடைக்கு ஏழெட்டு நாள் இருக்கும்போதே நெல்லுக்குள் இறங்கி விதையைத் தெளித்துவிட்டு வந்துவிடுவார்கள். உழவு கிடையாது, பாத்தி கிடையாது, தண்ணீர் வைப்பதும் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் மாசிப் பனியும்தான் அதற்கு ஆகாரம். எழுபது, எழுபத்தைந்து நாளில், பங்குனி வெயில் முற்றுவதற்குள் காய் கறுத்துவிட வேண்டும். தாமதித்தால் வயல் வெடித்துச் செடி காய்ந்துவிடும்.

இத்தனை கெடுபிடிக்கும் அடங்கிப் போகிற உளுந்து தானாக வாய்த்துவிடுவதில்லை. மண்ணியாற்றுப் பாசனத்துக் குடியானவர்கள் ‘ஏடிடி மூணு’ என்கிறார்களே, அந்த ஏடிடி ஆடுதுறை. திருப்பனந்தாளிலிருந்து கஞ்சனூர், சூரியனார்கோவில் வழியாகப் போய்க் காவிரியைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். 1922இல் நெல்லுக்கென்று தொடங்கிய பண்ணை, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம். பெயரில் நெல் மட்டும் இருந்தாலும், நெல்லுக்குப் பின்னால் வரும் பயறுக்கும் அங்கே ரகம் கட்டுகிறார்கள். நான் பார்க்கப் போனது அதை.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் வேலை சூடு பிடித்தது. உளுந்து தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும் பயிர். பூ விரிவதற்கு முன்பே உள்ளே காரியம் முடிந்துவிடும். அதை வேறொரு ரகத்தோடு சேர்க்க வேண்டுமானால் நாம் முந்திக்கொள்ள வேண்டும். நாளை விரியப்போகும் மொட்டை இன்று மாலையே அடையாளம் கண்டு ஆண் பாகத்தை எடுத்துவிட வேண்டும். எது நாளைய மொட்டு? எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. ஐம்பதைத் தொடும் வயதிலிருந்த ஓர் அக்கா சொல்லித் தந்தார்: “பச்சை வெளுத்து லேசா மஞ்ச தட்டியிருக்கணும் தம்பி. முழு மஞ்சளாயிட்டா விட்டுடுங்க. அது தானே முடிச்சிருக்கும்.”

இடது கைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் மொட்டைப் பிடித்தார். சாமணத்தின் முனையால் மேலிதழை மெல்லப் பிரித்தார். உள்ளே இருக்கும் இதழ் சங்கைப்போல முறுக்கிக்கொண்டிருக்கும். அதையும் கீறினால் மகரந்தத் தண்டுகள். மொத்தம் பத்து. ஒன்பது சேர்ந்திருக்கும், ஒன்று தனித்து நிற்கும். ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கும்போது அக்காவின் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. ஒன்று தங்கினாலும் அந்தப் பூ சொந்த மகரந்தத்தில் காய்த்துவிடும். அது கலப்பில்லை என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு பருவம் போய்விடும். அழுத்தம் கொஞ்சம் கூடினாலோ நடுவிலிருக்கும் சூல்தண்டு நசுங்கிவிடும். பத்தும் போனபின் இதழ்களைப் பழையபடி மூடினார், சூல்முடி காயாமலிருக்க. காம்பில் ஒரு நூல் கட்டி, பென்சிலால் எழுதிய சின்ன அட்டையைத் தொங்கவிட்டார். பேனா எழுத்து பனியில் கரைந்துவிடுமாம்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் ஆண் ரகத்தின் பூவைப் பறித்து வந்து இந்தச் சூல்முடியில் தொட்டுவிட வேண்டும். அத்தோடு பாதி வேலைதான். உளுந்துக்குப் பூ உதிர்க்கும் குணம் அதிகம். “பத்துப் பூ தொட்டா ஒண்ணு ரெண்டு நின்னாலே பெருசு” என்றார். நின்ற காயில் ஆறேழு விதை இருக்கும். ஒரு ரகத்தின் வரலாறு அந்த ஆறேழு விதையில் தொடங்குகிறது.

அதை விதைத்தால் வரும் செடியில் அப்பன் ரகத்தின் சாயல் இருக்கிறதா என்று தண்டின் நிறத்தையும் காயின் ரோமத்தையும் வைத்துப் பார்க்கிறார்கள். அடுத்த தலைமுறையில்தான் எல்லாம் சிதறும். ஒரு செடி போல இன்னொரு செடி இருக்காது. அவற்றில் நல்லதைத் தனித்தனியே அறுத்து, ஒவ்வொன்றின் விதையையும் மறு பருவம் ஒரு வரிசையாகப் போடுவார்கள். வரிசை முழுக்க ஒரே சீராக வரும்வரை இப்படியே நான்கைந்து தலைமுறை. பிறகு மகசூல் சோதனை, மற்ற நிலையங்களில் சோதனை, குடியானவர் வயலில் சோதனை, கடைசியாக அரசின் ரக வெளியீட்டுக் குழு. பத்து வருஷம் சாதாரணமாக ஓடிவிடும்.

சோதனை வயலில் சில வரிசைக்கு ஒருமுறை நோயில் சீக்கிரம் விழுகிற ரகம் ஒன்றை வேண்டுமென்றே விதைத்திருந்தார்கள். மஞ்சள் தேமல் அங்கே வரட்டும், வெள்ளை ஈ அதைச் சுற்றிலும் பரப்பட்டும் என்றே. அதற்கு நடுவில் பச்சையாக நிற்பதுதான் தேறியது. புதுக்கோட்டைச் சீமையில் வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த ரகங்களுக்குத் தேமலைத் தாங்குவதில் நல்ல பேர் உண்டு. டெல்டாவின் களிமண்ணுக்கும் பனிக்கும் தனியாகப் பார்த்தாக வேண்டும். பனிக்காலத்துச் சாம்பல் நோய் இங்கே பெரிய தொல்லை.

விஞ்ஞானி நோட்டோடு வரிசைக்குள் நடந்தார். அக்கா இரண்டடி முன்னால் போனார். ஓரிடத்தில் நின்று, “இது நம்மது இல்லீங்க மேடம்” என்றார். விஞ்ஞானி குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். கலவன் செடியைப் பிடுங்கி வரப்பில் போட்டாயிற்று. ரகம் வெளியாகும்போது பெற்றோர் ரகங்களின் பெயர் வரும், விஞ்ஞானிகளின் பெயர் வரும், எக்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். அந்த இரண்டடிக்குத் தலைப்பு கிடையாது. ஆடுதுறையை மட்டும் சொல்லவில்லை, பண்ணைகளில் பொதுவாக இப்படித்தான். ஆனால் ரகத்தின் தூய்மை அதில்தான் நிற்கிறது என்பது என் எண்ணம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு எண் வைத்த ரகம் புதிதல்ல. ஜப்பானின் நோரின் 10 நெல்லையும், கோயம்புத்தூரில் 1921இல் வெளியான ஜி.இ.பி. 24ஐயும் கலந்து வந்தது ஏ.டி.டி. 27. 1960களில் தஞ்சாவூர்க் குறுவையை அதுதான் ஆண்டது. இட்லிக்குக் குண்டரிசி வேண்டுமென்றால் இன்றும் ஏ.டி.டி. 37. அந்த இட்லிக்கு உளுந்தும் அதே பண்ணையிலிருந்து: ஏ.டி.டி. 3, திருநெல்வேலி நாட்டு உளுந்திலிருந்து பொறுக்கி எடுத்தது.

சோயாவையும் முயன்றுதான் பார்த்தார்கள். நெல் தரிசுக்கென்றே ஏ.டி.டி. 1 என்று ஒரு சோயா ரகம் ஆடுதுறையிலிருந்து வந்தது. நாற்பது சதவீதம் புரதம், இருபது சதவீதம் எண்ணெய். காகிதத்தில் உளுந்து அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. மத்தியப் பிரதேசத்தில் கடலாக விளைகிற அந்தச் சோயா இங்கே ஒட்டவில்லை. திருப்பனந்தாளில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். “அதை வச்சு என்னா பண்றது? ஆட்டினா மாவு பொங்குமா?” என்று திருப்பிக் கேட்டார். சோயாவுக்கு எண்ணெய் ஆலை வேண்டும், புண்ணாக்கை வாங்க நாமக்கல் கோழிப்பண்ணை வேண்டும். வாசலில் நின்று நாலு படி வாங்கிப் போக யாரும் வரமாட்டார்கள். விதையும் சேமிப்பில் சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும். உளுந்தைப்போலச் சாம்பல் கலந்து பானையில் போட்டு வைத்து அடுத்த தைக்கு எடுக்க முடியாது. பண்ணையில் எத்தனை சோதனை தேறினாலும் கடைசிப் பரீட்சை அடுப்படியில்தான் நடக்கிறது. அதில் சோயா தோற்றது அதன் குற்றமில்லை.

உளுந்துக்கும் இப்போது சோதனைக் காலம். கதிர் அறுக்கும் இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரம் ஏறினால் அடியில் முளைத்த உளுந்து சேற்றோடு போயிற்று. அதனால் தெளிப்பதையே விட்டவர்கள் பலர். சிலர் இயந்திரம் போனபிறகு விதைக்கிறார்கள், அதற்குள் ஈரம் பாதி போய்விடுகிறது. உளுந்தை அறுக்கவும் ஆள் கிடைப்பதில்லை. பயறில் ரகம் கட்டுகிறவர்கள் இன்று பல இடங்களில் தேடுவது, செடி நிமிர்ந்து, காய் தரையை விட்டு உயர்ந்து, எல்லாம் ஒரே நேரத்தில் முதிர்கிற ரகத்தை. இயந்திரத்தின் கத்திக்கு ஏற்ற ரகம்.

அப்படி ஒன்று வந்தால் உளுந்து பிடுங்கும் பெண்களின் கூலி போய்விடாதா என்று அக்காவிடம் கேட்டேன்.

“பிடுங்க ஆளு எங்க தம்பி இருக்கு? என் மருமவளே திருப்பூர் போயிட்டா” என்றார். அடுத்த மொட்டைப் பிடித்துக்கொண்டே, “செடி ஒசரமா வந்தா மிஷினுக்கு மட்டுமா, எங்க இடுப்புக்கும்தான் நல்லது. ஒசரம் கூடுனா சாயும், அதையும் பாக்கணும். தண்டு தடியா இருக்கறதா பாத்து எடுக்கச் சொல்லியிருக்கேன் மேடத்துக்கிட்ட.”