புதூரும் காயலும்

கரிசற் சீமையாம் புதூரில் பிறந்த நாம் ‘அத்தா’ என்றழைப்பவரைக் காயல்பட்டினத்தார் ‘வாப்பா’ என்பர். நமக்கு அண்ணன், அவர்களுக்குக் காக்கா. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் உருவானபோது இரண்டு ஊர்களும் ஒரே எல்லைக்குள் அமைந்தன. எனினும் நமது ஊர் மழையை நம்பிய மானாவாரிப் பூமி. அவ்வூரோ கடல் வணிகத்தில் வளர்ந்தது.

எம் தம்பிக்குக் காயலில் பெண் பேசியபோதுதான் இவ்வேற்றுமை உறைத்தது. அங்கே மணமகனே மணமகள் வீட்டில் குடிபுகுதல் வழக்கம். நாமோ உத்தியோகத்தின் பொருட்டு வெளியூர்வாசி. காட்டில் இறங்கி உழைக்க எஞ்சியிருந்தவன் தம்பி ஒருவனே. “பிள்ளையை அனுப்பிவிட்டுக் காட்டை யாரிடம் கொடுப்பது?” என்று அம்மா சரியாக உண்ணவும் மறுத்துவிட்டார். ஆடவர் ஆண்டுக்கணக்கில் கடல்கடந்து இருந்த ஊரில், பெண் தாயுடன் வாழ்வதன் நியாயத்தை எடுத்துச் சொன்னோம். எட்டயபுரத்து உமறுப் புலவருக்குக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி கைகொடுத்ததையும் நினைவூட்டினோம்.

“புலவர் அடங்கியிருப்பது எட்டயபுரத்தில்தானே!” என்றார் அம்மா. நாம் வாயடைத்துப் போனோம்.

இருந்தும் ஒருமுறை போய்வரச் சம்மதித்தார். காயலில் அஸர் பாங்கு நாம் எதிர்பாராத வேளையில் ஒலித்தது. அவர்கள் ஷாபி மத்ஹபினர், நாம் ஹனபிகள். அத்தா திகைத்துத் தம் நிழலை நோக்கினார். பெண்ணின் வாப்பா தொழுதுவிட்டு வந்து, ஒன்றும் கேளாமல் அத்தாவின் அருகே அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். நிழல் இருமடங்கு நீண்டதும் தாமே எழுந்து பாய் விரித்தார்.

அம்மா உள்ளறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஊர் திரும்பிய மறுநாள், தம்பியின் துணிகளைத் துவைத்துக் காயவைத்து மடிக்கத் தொடங்கினார்.